குமரனுக்கு: ரம்மி ஆப்பும் வங்கிக் கணக்கும்

கீழ்புத்துப்பட்டு

அன்புள்ள குமரா,

போனில் ரம்மியும் கிரிக்கெட் பந்தயமும் ஆடினாலும் ஜாக்கிரதையாகத்தான் ஆடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடினமான பாஸ்வேர்டு, யாருக்கும் சொல்லாத ஓடிபி, இவை போதும் என்பது உன் நினைப்பு. ஆப் நடத்துபவன் நேர்மையானவனாக இருந்தால்கூட அது பாதிதான் சரி. அமெரிக்காவில் உரிமம் பெற்று நடக்கும் டிராஃப்ட்கிங்ஸ் பந்தய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் 2022 நவம்பரில் திருட்டு நடந்தது. வேறு தளங்களிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகளை அங்கேயும் போட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள். சுமார் 1,600 பேரிடமிருந்து 6 லட்சம் டாலர் போனது. ஆனால் அங்கே பதில் சொல்ல ஒரு நிறுவனம் இருந்தது. திருட்டில் ஈடுபட்ட இளைஞன் ஒருவன் சிறைக்கும் போனான். உன் ஆப்பின் மேல் புகார் சொல்ல ஒரு முகவரியாவது இருக்கிறதா?

இருக்க வழியில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமை என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும், கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்த பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. மிச்சமிருப்பவர்கள் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு டெலிகிராமில் ஏபிகே என்ற ஆப் கோப்பை அனுப்புகிறவர்கள். அதை ஏற்றும்போது போன் ஒருமுறை எச்சரிக்கும். அதைத் தள்ளிவிட்டால், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபியை நீ யாருக்கும் சொல்லவே வேண்டாம், அதுவே எடுத்துக்கொள்ளும். பணம் கட்டும் திரையையும் உற்றுப் பார். 500 ரூபாய் போடும்போது வரும் பெயர் ஆட்டத்தின் பெயராக இருக்காது. யாரோ ஒரு ஆள், அல்லது ஒரு மளிகைக் கடை. நாளைக்கு வேறு பெயர். கமிஷன் கொடுத்து வாங்கிய கணக்குகள் அவை. நீ ஜெயித்த பணமும் அப்படியொரு கணக்கிலிருந்துதான் வரும். அதில் எங்கோ ஏமாந்த ஒருவரின் பணம் கலந்திருந்து அவர் புகார் கொடுத்தால், பணம் போன வழியிலுள்ள கணக்குகளைப் போலீஸார் ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டே வருவார்கள். உன்னுடையதும் அந்த வழியில்தான் இருக்கும்.

‘இருப்பே ஆயிரம் இரண்டாயிரம், முடங்கினால் என்ன’ என்பாய். மழைக்காலத்தில் உப்பளம் நின்றால் அரசு தரும் 5,000 ரூபாய், ஊரக வேலைத் திட்டக் கூலி, கேஸ் மானியம் எல்லாம் ஆதாரோடு இணைத்த கணக்கில்தானே வந்து விழுகின்றன? இருப்பு போனால் சமாளிக்கலாம், வரவே நின்றால் என்ன செய்வாய்? முடக்கியது வேறு மாநிலப் போலீஸ் என்றால் மரக்காணம் ஸ்டேஷனில் நின்று பயனில்லை. ஆப்பில் ஆதாரைக் கொடுத்ததற்கு, ‘ஆதார் நகல் எல்லா ஜெராக்ஸ் கடையிலும் கிடக்கிறதே’ என்று நீ சொல்லும் வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆப்பிடம் இருப்பதுபோல ஜெராக்ஸ் கடையில் உன் பான் எண்ணும் வங்கி விவரமும் செல்ஃபி வீடியோவும் ஒன்றாகச் சேர்ந்து கிடப்பதில்லை. அவை சேர்ந்தால்தான் உன் பெயரில் கடன் கேட்கத் துணிவார்கள்.

புகார் கொடுத்தால் நானே மாட்டிக்கொள்வேனே என்பது நியாயமான பயம். மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆன்லைனில் சூதாடுபவருக்கு 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் பேசாமல் இருப்பதன் விலை அதைவிட அதிகம். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, உன் கவனக்குறைவால் பறிபோன பணம் வங்கிக்குச் சொல்லும்வரை உன் நஷ்டம். சொன்ன பிறகும் போனால் வங்கியின் நஷ்டம். ஆகவே முதல் போன் வங்கிக்கு, அடுத்தது சைபர் குற்ற உதவி எண் 1930க்கு. கணக்கைக் கமிஷனுக்குக் கேட்டு எவனாவது வந்தால், அது சூதாட்டத்தைவிடப் பெரிய வழக்கு என்று தெரிந்துகொள்.

இன்றைக்கே ஆப்பை எடுத்துவிடு. அதற்குப் பிறகு யுபிஐ பின்னையும் பாஸ்வேர்டுகளையும் மாற்று. வரிசை முக்கியம், ஆப் இருக்கும்போதே மாற்றினால் புதியதும் அதன் கண்ணில் படலாம். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வை. உன் பெயரிலுள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம். எடுத்துப் பார்த்து, நீ வாங்காத கடன் ஏதாவது அதில் இருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை