2.5-உம் 2.54-உம் ஒன்றா? மின்சுற்றுப் பலகையில் அளவுப் பொருத்தம்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கூலாயைக் கடந்து வடக்கே போனால் செடெனாக் வரும். ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டமும் எண்ணெய் ஆலையும்தான் இந்த ஊரின் அடையாளம். இப்போது அங்கே செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா எழுந்திருக்கிறது. சன்னல்கள் அதிகம் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை தரவு மையங்கள். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகளும் அவற்றில் அடுக்கடுக்காகச் சர்வர் கணினிகளும் இருக்கும்.

அலமாரியை ஒரு நாட்டில் செய்திருப்பார்கள், சர்வரை வேறொரு நாட்டில் செய்திருப்பார்கள். இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது இங்கேதான். ஆனாலும் சர்வர் இழுப்பறைபோல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அரம் வைத்து ராவ வேண்டிய வேலையே இல்லை.

காரணம், அளவு முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சர்வரின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. ஒரு தட்டின் உயரம் 1.75 அங்குலம், அதாவது 44.45 மி.மீ. இந்த 19 அங்குலக் கணக்கு 1920-களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் வேரூன்றியது. நூறு ஆண்டு கடந்தும் அதே அளவுதான். 42 தட்டு கொண்ட அலமாரியில் தட்டுகளுக்கு மட்டும் எவ்வளவு உயரம் வேண்டும்? 42-ஐ 44.45-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1866.9 மி.மீ. வரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்வர் பெட்டியைச் சரியாக 44.45 மி.மீ. உயரத்தில் செய்ய மாட்டார்கள். அதைவிடச் சற்றுக் குறைவாகவே செய்வார்கள். சரியாக 44.45 வைத்தால் மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் உரசிச் சிக்கிக்கொள்ளும். ஆக, இரண்டு பொருள்களும் ஒரே அளவில் இருந்தால் பொருந்திவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதும் சேர்ந்ததுதான் பொருத்தம்.

இதே கதைதான் சர்வருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கும், ஆர்.பி.டி. பாடத்துக்காகவோ ரோபோ போட்டிக்காகவோ நீங்கள் வரையப்போகும் சின்னப் பலகைக்கும்.

மென்பொருளுக்குப் பொருள் தெரியாது

பலகையை வரைய இப்போது பலரும் கீகேட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். பிரான்சைச் சேர்ந்த ஜான்-பியர் ஷாராஸ் 1992-இல் தொடங்கியது இது. இலவசமாகக் கிடைக்கும். அணுத்துகள் ஆய்வு நடக்கும் செர்ன் நிலையமும் பின்னாளில் இதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது.

இதில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ‘காலடித்தடம்’ இருக்கும். ஈர மணலில் நடந்தால் நம் பாதம் பதிவதுபோல, அந்தப் பாகம் பலகையில் உட்காரும்போது அதன் கால்கள் எங்கெங்கே படும் என்பதைக் காட்டும் படம் அது. துளை எங்கே, செப்புத் திட்டு எங்கே, உடல் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் மென்பொருளுக்குத் தெரிந்தது இந்தப் படம் மட்டுமே. உங்கள் மேசையில் கிடக்கும் உண்மையான பாகத்தை அது பார்த்ததில்லை. காலடித்தடத்தில் 2.5 என்று எழுதினால் 2.5 என்றே நம்பும். பிழை சோதிக்கும் கருவியும் ‘பிழை ஏதுமில்லை’ என்றுதான் சொல்லும். செப்புப் பாதைகள் உரசுகின்றனவா, இணைப்பு விடுபட்டதா என்று பார்ப்பது அதன் வேலை. பாகம் பொருந்துமா என்று பார்ப்பது நம் வேலை.

இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி. பலகை வரையும்போது அது எல்லா நீளத்தையும் நானோமீட்டரில், முழு எண்ணாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகள் கூடி ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மி.மீ. என்று முடிவு செய்தன. அப்படியானால் ஓர் அங்குலம் என்பது 25,400,000 நானோமீட்டர். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட 25,400 நானோமீட்டர் என்று முழு எண்ணாகவே வருகிறது. அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் மாற்றி மாற்றிப் போனாலும் எதுவும் சிந்தாது. எனவே பிழை வந்தால் பழியை மென்பொருள்மீது போட முடியாது.

0.04 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்?

மின்னணு இணைப்பிகளில் அடுத்தடுத்த இரு கால்களின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு பெரும்பாலும் 0.1 அங்குலம், அதாவது 2.54 மி.மீ. அடிக்கோல் வைத்துப் பார்ப்பவருக்கு இது 2.5 போலத்தான் தெரியும். வித்தியாசம் 0.04 மி.மீ.தானே என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணைப்பியின் கால் 0.64 மி.மீ. பக்கம் கொண்ட சதுரம். பைத்தாகரஸ் தேற்றப்படி அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 0.905 மி.மீ. அது நுழையும் துளையின் விட்டம் 1.0 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் இடம் 0.1 மி.மீ.கூட இல்லை.

இப்போது 4 கால் இணைப்பி ஒன்றை 2.5 என்று தவறாக வரைந்துவிட்டோம். 4 காலுக்கு இடையே 3 இடைவெளி. 3 × 0.04 = 0.12 மி.மீ. இணைப்பியை நடுவாக வைத்தால் அந்த விலகல் இரு ஓரத்துக்கும் 0.06 என்று பிரிந்துவிடும். கொஞ்சம் அழுத்தினால் உள்ளே போய்விடும். ‘சரியாகத்தான் வரைந்திருக்கிறோம்’ என்று நினைத்துக்கொள்வோம். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அடுத்து ராஸ்பெர்ரி பை கணினி. அதில் 2 வரிசை, வரிசைக்கு 20 கால். 19 இடைவெளி. 19 × 0.04 = 0.76 மி.மீ. நடுவாக வைத்தாலும் இரு ஓரத்திலும் 0.38 விலகும். துளையில் அவ்வளவு இடம் ஏது? கால்தான் வளையும். ஒவ்வோர் இடைவெளியிலும் அதே திசையில் வரும் சின்னப் பிழை கூடிக்கொண்டே போகும். ஒன்றையொன்று ஈடு செய்யாது.

சரி, அளந்து பார்த்தால் போயிற்று என்கிறீர்களா? பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கும் வெர்னியர் காலிப்பர் 0.1 மி.மீ. வரைதான் காட்டும். 0.04 அதன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊசல் பரிசோதனையில் ஓர் அலைவுக்கான நேரத்தை அளக்காமல், 20 அலைவுக்கு அளந்து 20-ஆல் வகுப்போம் அல்லவா? அதே தந்திரம். முதல் காலின் இடது விளிம்பில் தொடங்கி, கடைசிக் காலின் இடது விளிம்பு வரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 20 கால் வரிசையில் 48.26-க்கு அருகில் வந்தால் 2.54, 47.5-க்கு அருகில் வந்தால் 2.5. சாதாரணக் காலிப்பரே தீர்ப்புச் சொல்லிவிடும். 20 கால் என்பதால் 20-ஆல் வகுத்துவிடாதீர்கள். 19. வகுப்பில் பாதிப்பேர் சறுக்கும் இடம் இது.

2.5 என்றாலே தவறு என்றும் முடிவுகட்ட வேண்டாம். ட்ரோன் மின்கலத்திலிருந்து மெல்லிய கம்பிகளோடு வரும் வெள்ளை இணைப்பி பெரும்பாலும் எக்ஸ்எச் வகை. அதன் இடைவெளி உண்மையிலேயே 2.5 மி.மீ. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பிபோல் இருக்கும் இரண்டு இணைப்பிகளுக்கு இரண்டு காலடித்தடங்கள் தேவை.

பெயர் ஒன்று, பாகம் இரண்டு

செனாய் வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் உங்கள் பெற்றோர் யாராவது வேலை செய்தால், அரிசியைவிடச் சிறிய மின்தடைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ‘0603’ என்றால் 0.06 × 0.03 அங்குலம், ஏறக்குறைய 1.6 × 0.8 மி.மீ. இது அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் கணக்கிலும் ஒரு ‘0603’ உண்டு. அது 0.6 × 0.3 மி.மீ. பரப்பளவில் முன்னது பின்னதைப்போல் 7 மடங்கு! எந்தக் கணக்கு என்று பார்க்காமல் வாங்கினால், பெரிய திட்டுகளுக்கு நடுவே தூசிபோல் ஒரு மின்தடை கிடக்கும்.

தரவுத்தாளைப் படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில பாகங்களைக் கீழிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருப்பார்கள். அதை அப்படியே பலகையில் போட்டால் இடம் வலமாக மாறிவிடும். பெட்டியின் வரைபடத்தை வேறு மென்பொருளில் வரைந்து கொண்டுவந்தாலும் இதே கவனம் வேண்டும். கணிதப் பாடத்தில் ய-அச்சு மேல்நோக்கிக் கூடும். கீகேட்டின் வழக்கமான அமைப்பில் அது கீழ்நோக்கிக் கூடும். வரைபடக் கோப்பில் அலகு குறிப்பிடப்படாமல் இருந்தால், தவறான அலகைத் தேர்ந்தெடுத்த மறுகணமே பலகை 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும். அது நல்லது. அவ்வளவு பெரிய பிழையைக் கண் உடனே பிடித்துவிடும்.

உலகம் முழுக்கப் பரவிய ஒரு பிழை

ஆர்டுயினோ ஊனோ பலகையை உங்களில் பலர் தொட்டிருப்பீர்கள். இத்தாலியில் 2005-இல் பிறந்த குடும்பம் அது. அதன் கால் வரிசையில் 7-ஆம் எண்ணுக்கும் 8-ஆம் எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை உற்றுப் பாருங்கள். மற்ற இடங்களில் எல்லாம் 0.1 அங்குலம். இங்கே மட்டும் 0.16 அங்குலம், அதாவது 4.064 மி.மீ. 0.1-இன் மடங்காகவும் இல்லை. தொடக்கத்தில் பலகையை வரையும்போது நேர்ந்த பிழை அது. தெரிய வந்தபோது, அதன்மேல் பொருத்தும் துணைப் பலகைகளைப் பலர் செய்து முடித்திருந்தார்கள். திருத்தினால் அவை எல்லாம் வீணாகிவிடும். எனவே பிழையை அப்படியே விட்டார்கள். அடுத்தடுத்த பலகைகளிலும் அந்த இடைவெளி தொடர்கிறது. இன்று அந்தப் பிழையே சரியான அளவு.

எங்கள் பள்ளியின் படிவம் 4 மாணவர் ஒருவர் இதற்குத் துணைப் பலகை வரைந்தார். எல்லாக் கால்களையும் 2.54 கட்டத்திலேயே, 7-க்கும் 8-க்கும் நடுவே இரண்டு கட்டம் விட்டு, 5.08 என்று வைத்திருந்தார். திரையில் அழகாக இருந்தது. உண்மையில் அது 1 மி.மீ.க்குச் சற்று மேல் விலகியிருந்தது. பலகை செய்யும் நிறுவனத்தில் பொதுவாக ஐந்தைந்தாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பிழை என்றாலும் ஐந்து பலகை வீண், இரண்டு வாரக் காத்திருப்பும் வீண். ஆனால் அவர் அனுப்புவதற்குமுன் ஒரு வேலை செய்தார். அதனால் போனது ஒரு ஏ4 தாள் மட்டுமே.

அந்த வேலை இதுதான். வரைந்ததை உண்மை அளவில், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அச்சிட வேண்டும். ‘தாளுக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற தேர்வை அணைத்துவிட வேண்டும். படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் வரைந்துகொள்ளுங்கள். அச்சில் அது 97 ஆக வந்தால் அச்சுப்பொறி சுருக்கிவிட்டது என்று பொருள். அந்தத் தாளை நம்பக்கூடாது. சரியாக வந்தால் தாளைத் தடித்த அட்டையில் ஒட்டி, துளைகளில் ஊசியால் குத்தி, உண்மையான பாகங்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பிறகு அட்டையை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துத் திருகுத் துளைகளைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையில் அந்தத் துளைகளின் மையங்கள் 58 × 49 மி.மீ. தொலைவில் இருக்கும். ஒரே பலகையில் துளைகள் மில்லிமீட்டரிலும் கால்கள் அங்குலத்திலும் பிறந்திருக்கின்றன, பாருங்கள்! இப்படிப்பட்ட பலகைக்குத் துணை வரையும்போது ஒரு திருகுத் துளையின் மையத்தைத் தொடக்கப்புள்ளியாக வைத்து, எல்லாவற்றையும் அதிலிருந்தே அளப்பது நல்லது. ஓரத்திலிருந்து துளைக்கு, துளையிலிருந்து இணைப்பிக்கு என்று சங்கிலியாக அளந்தால் ஒவ்வொரு கண்ணியின் பிழையும் அடுத்ததில் சேர்ந்துகொள்ளும்.

இந்த வாரக் கணக்கு: பெயர் தெரியாத 8 கால் இணைப்பி ஒன்று உங்களிடம் இருக்கிறது. முதல் காலின் இடது விளிம்பிலிருந்து கடைசிக் காலின் இடது விளிம்பு வரை காலிப்பர் 17.5 மி.மீ. காட்டுகிறது. இது எந்த வகை? 0.1 மி.மீ. வரை காட்டும் அதே காலிப்பரைக் கொண்டு இரு வகைகளையும் பிரித்தறிய, ஒரு வரிசையில் குறைந்தது எத்தனை கால்கள் இருக்க வேண்டும்? இடைவெளிகளை எண்ணுங்கள், கால்களை அல்ல.