கின்ஸா சுஷி கவுண்டரில் உங்கள் சீட்

டோக்கியோ ஹெட் ஆபீஸுக்கு டிரெய்னிங் போயிருக்கிறீர்கள். டிவிஷன் ஹெட் வந்து, "வெள்ளிக்கிழமை இரவு கின்ஸாவில் ஒரு சுஷி கடையில் இடம் பிடித்திருக்கிறேன், வாருங்கள்" என்கிறார். சாப்பாடுதானே என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். அந்த வாரத்தில் நீங்கள் உட்காரும் மீட்டிங்குகளில் முக்கியமானது இதுவாகவே இருக்கலாம்.

ஏன் என்று புரிய, இந்த ரகக் கடைகள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். உலகம் முழுக்கப் பெயர் போன சுகியபாஷி ஜிரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கின்ஸாவில் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. கவுண்டரில் 10 இருக்கைகள், அவ்வளவுதான். அதை நடத்தி உலகப் புகழ் பெற்றவர் 1925-இல் பிறந்த ஜிரோ ஓனோ. 2011-இல் வந்த ஆவணப்படம் அவரை வீடுவீடாகக் கொண்டுபோனது. 2014 ஏப்ரலில் ஜப்பான் பிரதமர் ஷின்ஸோ ஆபே, அமெரிக்க அதிபர் ஒபாமாவை விருந்துக்கு அழைத்துப்போனது இங்கேதான். பல ஆண்டுகள் மூன்று நட்சத்திரம் கொடுத்துவந்த மிஷ்லின் கைடு, 2019 நவம்பரில் இந்தக் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ருசி குறைந்ததாக மிஷ்லின் சொல்லவில்லை. பொதுமக்கள் நேராக ரிசர்வேஷன் செய்ய முடியாத கடை என்பதுதான் காரணம்.

இந்த ரகக் கடைகள் பலவற்றில் புது ஆளுக்கு எளிதில் இடம் கிடைக்காது. பழைய வாடிக்கையாளர் அழைத்துவர வேண்டும், அல்லது பெரிய ஹோட்டலின் கன்சியர்ஜ் கேட்டுத் தர வேண்டும். ஆக, உங்கள் பாஸ் உங்களுக்காகத் தன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறார். நீங்கள் சொதப்பினால் செஃப் உங்களை மறந்துவிடுவார். அழைத்து வந்தவரை மறக்க மாட்டார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் டிப்ஸ் எல்லாம் தானாகப் புரியும்.

1. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை அழைப்பு வந்த நிமிடமே சொல்லுங்கள். இங்கே மெனு கார்டு கிடையாது. ஒமகாசே முறை: என்ன, எந்த வரிசையில் என்பதை செஃப் தீர்மானிப்பார். அன்றைய மீனைக் காலையிலேயே டொயோசு சந்தையிலிருந்து எடுத்துவைத்திருப்பார். வெஜிடேரியன், ஷெல்ஃபிஷ் அலர்ஜி, கர்ப்பம், மதக் கட்டுப்பாடு, எதுவானாலும் ரிசர்வேஷன் நேரத்திலேயே அவருக்குத் தெரிய வேண்டும். சுத்த சைவம் என்றால் ஹோஸ்டிடம் நேராகச் சொல்லி வேறு இடம் கேளுங்கள். சூப்பிலும் முட்டையிலும்கூட மீன் சாறு இருக்கும். முன்கூட்டிச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்தபின் தட்டைத் தள்ளுவதுதான் எல்லோரையும் சங்கடப்படுத்தும்.

2. சென்ட் போடாதீர்கள். கொஞ்சமும் வேண்டாம். பத்துப் பேர் தோளோடு தோள் உட்காரும் இடத்தில் உங்கள் வாசனை பக்கத்து ஆளின் மீனுக்குள் போகும். மெட்டல் வாட்ச், பிரேஸ்லெட் இருந்தால் கழற்றிப் பையில் வையுங்கள். கவுண்டர் பெரும்பாலும் ஹினோகி மரத்தில் இழைத்த ஒரே பலகை. கீறல் விழுந்தால் விழுந்ததுதான். போனையும் அதன்மேல் வைக்கக் கூடாது.

3. சொன்ன நேரத்துக்குச் சரியாக உள்ளே நுழையுங்கள். பல கடைகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு தொடங்கும். நீங்கள் லேட் என்றால் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். எந்த சீட் என்று ஹோஸ்ட் காட்டும்வரை நில்லுங்கள்.

4. இப்போது சாப்பாடு. நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான், ஏனென்றால் செஃப்பும் பாஸும் ஒருசேர உங்களைப் பார்ப்பது இங்கேதான்.

முதலில் ஈரத் துண்டு வரும். கையை மட்டும் துடையுங்கள். முகம், கழுத்து வேண்டாம். சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்த நிகிரி சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், அது முழுக்க மரியாதையான முறையே. கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது லாபம். சாப்ஸ்டிக்ஸ் எடுத்தால் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது. உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது. இரண்டுமே ஜப்பானில் சாவுச் சடங்கோடு சேர்ந்தவை.

செஃப் முன்னால் வைத்ததும் எடுத்து ஒரே வாயில் போடுங்கள். வினிகர் கலந்த அந்தச் சோறு உடல் சூட்டில் இருக்கும்படி அவர் கணக்குப் போட்டிருக்கிறார். மீன் ஜில்லென்று இருக்கும், சோறு வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வித்தியாசம் சில நொடிகளுக்குத்தான் நிற்கும். கல்லிலிருந்து எடுத்துப் போட்ட தோசையை ஆறவிடுகிற விருந்தாளியைப் பார்த்து நம் வீட்டில் என்ன தோன்றுமோ, அதுதான் அவருக்கும் தோன்றும். பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை. பாஸே உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார், அவரும் அப்படித்தான் செய்வார்.

சோயா சாஸை செஃப் பெரும்பாலும் தானே தடவித் தருவார். வசாபியும் உள்ளே இருக்கும். கூடுதலாகக் கேட்பதும், சாஸில் வசாபியைக் கரைப்பதும் அவர் வேலையைத் திருத்துவது போல ஆகும். சாஸ் தனியாக வைத்திருந்தால், மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொடுங்கள். சோற்றை நனைத்தால் உதிர்ந்துவிடும். இஞ்சித் துண்டுகள் நடுநடுவே வாயைச் சுத்தப்படுத்த வைத்தவை. சுஷியின் மேல் வைத்துச் சாப்பிடாதீர்கள்.

பொதுவாக வெள்ளை மீனில் தொடங்கி, சூரையின் கொழுப்பான வயிற்றுப் பகுதியான ஓடோரோ வரை ஏறி, அனாகோ விலாங்கு, முட்டை என்று இறங்குவார்கள். இடையில் கொஹாடா என்ற சின்ன வெள்ளி மீன் வரும். அதைக் கவனியுங்கள். உப்பிலும் வினிகரிலும் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது மீனின் பருமனுக்கும் கொழுப்புக்கும் ஏற்ப மாறும். செஃப்பின் கையை எடைபோட விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பது விலை உயர்ந்த சூரையை அல்ல, இந்த மலிவான மீனைத்தான். "கொஹாடா அருமை" என்று நீங்கள் சொன்னால், பக்கத்தில் இருக்கும் பாஸ் உங்களை இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார். உண்மையிலேயே பிடித்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். பொய் முகத்தில் தெரிந்துவிடும்.

5. பேச்சு. கிளையண்ட் பெயர், பிரைஸிங், யார் வேலையை விடப்போகிறார் என்ற வம்பு, எதுவும் வேண்டாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் போட்டிக் கம்பெனி டைரக்டராக இருக்கலாம். கின்ஸாவில் அது ஆச்சரியமே இல்லை. செஃப்பிடம் பேசலாம், "இந்த மீன் எந்த ஊரிலிருந்து வந்தது?" என்ற கேள்வி எப்போதும் எடுபடும். ஆனால் அவர் கை ஓய்ந்திருக்கும்போது கேளுங்கள். போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால் ஒன்று இரண்டு, ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்து ஆள் ஃப்ரேமில் வராமல்.

சாகே வந்தால் உங்கள் கிண்ணத்தில் நீங்களே ஊற்றிக்கொள்ளாதீர்கள். சீனியரின் கிண்ணம் காலியாகும்போது நீங்கள் ஊற்றுங்கள், இரண்டு கையால் பிடித்து. கிண்ணங்களைத் தட்டும்போது உங்களுடையது சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். குடிக்காதவர் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத் தேநீர் கேளுங்கள். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மற்றவர்களுக்கு ஊற்றும் வேலையை மட்டும் விடாதீர்கள்.

6. பில். ஒரு ஆளுக்கு 30,000 யென்னைத் தாண்டுவது இந்த ரகக் கடைகளில் சாதாரணம். அழைத்தவர் கொடுப்பார். பர்ஸை எடுத்து இழுபறி செய்யாதீர்கள், தொகையை எட்டிப் பார்க்காதீர்கள். டிப் வைக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை. வைத்தால் திருப்பிக் கொடுக்க ஓடி வருவார்கள். எழும்போது செஃப்பைப் பார்த்து "கொச்சிசோசமா தெஷ்தா" (விருந்துக்கு நன்றி) என்று சொல்லித் தலை தாழ்த்துங்கள். ஜப்பானிய மொழியில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். சாப்பாடு முடிந்தபின் கதை பேசிக்கொண்டு உட்காராதீர்கள். ஜிரோவில் சுமார் 20 துண்டுகள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதாகச் சொல்வார்கள். மற்ற கடைகளில் இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆனாலும் அடுத்த பேட்ச் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும்.

7. மறுநாள். ஆபீஸில் பாஸைப் பார்த்ததும் முதல் வார்த்தை நேற்றைய விருந்துக்கு நன்றியாக இருக்க வேண்டும். வெளியூர் போய்விட்டால் காலையிலேயே மெயில். நான்கு வரி போதும். அதில் ஒரு வரி, நீங்கள் சாப்பிட்ட ஒரு குறிப்பிட்ட மீனைப் பற்றி இருக்கட்டும். உங்களோடு வந்த மற்ற டிரெய்னிகளில் பலர் இதைச் செய்ய மாட்டார்கள். வேலை நெருக்கடியில் மறந்துபோகும். நீங்கள் லாப்டாப்பைத் திறந்ததும் முதலில் அதை அனுப்பிவிடுங்கள்.