குளிர்நாட்டு முற்றத்திற்கேற்ற கனிச்செடிகள்

வட அமெரிக்காவின் நடுப்பாகத்திலுள்ள மினசோட்டா மாகாணத்தில் குளிர்காலம் மிகக் கடுமையானது. அதன் வடபாகத்தில் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. இலைகள் உதிர்ந்து எங்கும் பனி மூடிய அக்காலத்தில், செங்கனிகள் நிறைந்த செடியொன்று முற்றத்திற்கு அழகும் பறவைகளுக்கு உணவும் அளிக்கும். ஆயினும் கனியின் நிறத்தை மட்டும் கண்டு செடியைத் தேர்ந்தெடுத்தல் தகாது. மூன்று விஷயங்களை முன்னதாக ஆராய்தல் அவசியம்.

முதலாவது, குளிரைத் தாங்கும் வன்மை. அந்நாட்டு விவசாய இலாகா, குளிரின் கடுமையைக் கொண்டு தேசத்தை மண்டலங்களாகப் பிரித்துப் படம் வெளியிட்டுள்ளது. வட மினசோட்டா பெரும்பாலும் 3-ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. 5-ஆம் மண்டலத்திற்குரிய செடியை அங்கே நட்டால், அது முதற் குளிர்காலத்திலேயே மடியக்கூடும். அப்பிரதேசத்திலேயே இயற்கையாய் வளரும் சர்வீஸ்பெரி, அமெரிக்க வைபர்னம், மவுண்டன் ஆஷ் ஆகியவை அக்குளிரைத் தாங்க வல்லன. சர்வீஸ்பெரியின் கனி கோடையிலேயே பழுத்து, மனிதர் உண்பதற்கும் உதவும். வைபர்னக் கனியோ குளிர்காலத்திலும் கிளையில் நிற்கும்.

இரண்டாவது, ஆண் பெண் வேற்றுமை. வின்டர்பெரி என்னும் குறுஞ்செடியில், பனையிற் போலவே, ஆண் வேறு பெண் வேறு. பெண் செடியே கனி தரும். எனினும் அதே சமயத்தில் பூக்கும் ஆண் செடி அருகில் இல்லாவிடின் அதுவும் காய்க்காது. ஓர் ஆண் செடி ஐந்தாறு பெண் செடிகளுக்குப் போதுமாதலால், அண்டை வீட்டார் கலந்து வாங்கினால் செலவு குறையும். ஈரமும் அமிலத்தன்மையும் உள்ள மண் இதற்கு ஏற்றது. இதன் கனி பறவைகளுக்கு உணவாயினும் மனிதருக்கு ஆகாது.

மூன்றாவது, விதை சென்று சேருமிடம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து வேலிக்கெனக் கொண்டுவரப்பட்ட பக்தார்ன் செடியின் கருங்கனிகளைப் பறவைகள் தின்று, விதைகளைக் காடெங்கும் பரப்பின. அதன் அடர்ந்த நிழலில் மற்ற மரங்களின் இளங்கன்றுகள் எழ இயலவில்லை. அன்றியும், ஓட்ஸ் பயிரின் துருநோயும், சோயாவைத் தாக்கும் அசுவினியும் அச்செடியில் தங்கிப் பின்னர் வயல்களை அடைகின்றன. 1930-களில் நாற்றுப்பண்ணையினர் அதன் விற்பனையை நிறுத்தினர். இப்போது அம்மாகாணச் சட்டமும் அவ்விற்பனையைத் தடுக்கின்றது. ஆயினும் வெட்ட வெட்டத் துளிர்க்கும் அதனை ஒழித்தற்கு இன்றும் பெரும்பொருளும் உழைப்பும் செலவாகின்றன. அழகுக்கென இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி காடுகளில் பரவிய வரலாறும் இத்தகையதே.

ஒரு முற்றத்துக் கனியைப் பறவை அயலாரின் நிலத்திற்கும் கொண்டுசெல்லும். ஆதலின், குளிரைத் தாங்குமா, துணைச்செடி வேண்டுமா, அயல்நிலத்தில் பரவுமா என்னும் மூன்றையும் விசாரித்தறிந்த பின்னரே செடியை வாங்குதல் நலம்.