சங்கப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

பில்டரோடு தகராறு முற்றிய பிறகு பேப்பரைத் தேடி அலைகிற குடியிருப்போர் சங்கங்களைச் சென்னையில் நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. முதலில் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். பாதிக்கு மேல் வீடுகள் புக் ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழிசெய்வது பில்டரின் கடமை என்கிறது ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அவர் செய்வார் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வாட்ஸ்அப் குழு வழக்குப் போட முடியாது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதையும் படித்துவிடுங்கள்.

2. ஹேண்டோவரில் அவசரம் கூடவே கூடாது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கம்ப்ளீஷன் சர்டிபிகேட், ஸ்ட்ரக்சுரல் டிராயிங், தீயணைப்புத் துறைச் சான்று, லிஃப்ட் உரிமம், பம்ப், ஜெனரேட்டர் வாரண்டி எல்லாம் கைக்கு வந்தபின் கையெழுத்துப் போடுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை (எஸ்.டி.பி.) உங்கள் செலவில் ஒரு வெளி ஆளைக் கூட்டிவந்து சோதியுங்கள். பத்துக் குடும்பம் இருக்கும்போது எந்த எஸ்.டி.பி.யும் நன்றாகத்தான் ஓடும். எல்லா வீடும் நிரம்பி, தொட்டி பொங்கி, கீழ்த்தளத்தில் நாற்றம் கிளம்பும்போது, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று நீங்கள் போட்ட கையெழுத்தைத்தான் பில்டரின் வக்கீல் நீட்டுவார்.

3. இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐந்து ஆண்டு. சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், முப்பது நாளில் காசு வாங்காமல் பில்டர் சரிசெய்ய வேண்டும். ரெரா சட்டத்தின் 14ஆவது பிரிவு. சைட் இன்ஜினியரிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. கோடையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். ஐப்பசி மழையில் அதே சுவரில் மறுபடி உப்புப் பூக்கும். இரண்டு முறையும் தேதியோடு படம் எடுங்கள். எந்த வீடு, எந்தச் சுவர் என்று குறிப்பிட்டு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

4. திறந்தவெளி கார் பார்க்கிங் பொது இடம். ரெரா சட்டமே அப்படித்தான் வரையறுக்கிறது. ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது உங்களுக்கும் பொருந்துமா என்று உங்கள் வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேளுங்கள்.

5. மேலே ஒரு மாடி, பக்கத்தில் ஒரு பிளாக் என்று பில்டர் பின்னால் கிளம்பினால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ சம்மதம் முன்கூட்டியே வேண்டும். ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் "சம்மதிக்கிறேன்" என்று இருக்கிறதா என இன்றைக்கே பாருங்கள். ஒருதலைப்பட்சமான ஷரத்துகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது தைரியம் தரும்.

6. பராமரிப்புக்கென்று உங்களிடம் வாங்கிய கார்பஸ் ஃபண்டின் கணக்கை பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள், வட்டியோடு.

7. ரெராவுக்கும் போகலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஒன்று இருப்பதால் இன்னொன்று அடைபடாது என்று 2020இல் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. எங்கே போனாலும் பொதுக்குழுத் தீர்மானத்தோடு போங்கள். பில்டர் முதலில் பார்ப்பது சங்கத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்றுதான். நாலு வீட்டுக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சலுகை பேசுவது அவர்களின் பழைய வழி.

ஐந்தாம் ஆண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து மொட்டை மாடியிலிருந்து சம்ப் வரை சோதித்து, அறிக்கையை பில்டருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்து வையுங்கள்.