பழைய பலகையும் புதிய மென்பொருளும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இலங்கையில் 1985இல் நிறைவுற்ற கொத்மலை அணையின் நிலத்தடி மின்நிலையத்தில் 67 மெகாவாட் வீதம் மின் உற்பத்தி செய்யும் மூன்று சுழலிகளும் ஒரு தலைமுறையைக் கடந்து நிற்க, அவை நிறுவப்பட்ட காலத்துக் கணினி மென்பொருளோ எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. வன்பொருளுக்கும் அதனுடன் பேசும் மென்பொருளுக்கும் ஆயுள் ஒன்றல்ல என்னும் இந்நிலை, ஒரு கருவிக்குள் அமர்ந்து குறித்த பணியை மட்டும் செய்யும் சிறு கணினிகளாகிய உட்பொதி அமைப்புகளைக் கற்கும் மாணவருக்கும் பொருந்தும். 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இவ்வமைப்புகளுக்கான புதிய மின்சுற்றுப் பலகை வாங்குவது எளிதன்று என்பதால், பழையதைக் குப்பையில் போடுமுன் சில நம்பிக்கைகளைச் சோதிப்பது தகும்.

நம்பிக்கை: நிரலை ஏற்றும்போது பலகை பதில் தராவிட்டால் அது எரிந்துவிட்டது.

ஆர்டுயினோ நானோ பலகையில் இப்பிழைக்கு மிகச் சாதாரணமான காரணம் வேகப் பொருத்தமின்மையாகும். கணினியிலிருந்து வரும் நிரலை வாங்கிச் சில்லில் பதிக்கும் சிறு நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். பழைய பூட்லோடர் நொடிக்கு 57,600 பிட் வேகத்திலும், 2018 ஜனவரி முதல் ஆர்டுயினோ நிறுவனம் விற்ற பலகைகளின் புதிய பூட்லோடர் 115,200 பிட் வேகத்திலும் பேசுகின்றன. மலிவு விலைப் போலிப் பலகைகள் பலவற்றில் இன்றும் பழையதே இருப்பதால், ஆர்டுயினோ மென்பொருளின் 'புரொசெஸர்' பட்டியலில் பழைய பூட்லோடர் என்ற தெரிவைத் தேர்ந்தால் 'இறந்த' பலகை பெரும்பாலும் எழுந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால், மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும் கேபிளா என்று பார்த்துவிட்டு, ரீசெட் முனையை நில முனையுடனும் ஆர்எக்ஸ் முனையை டிஎக்ஸ் முனையுடனும் கம்பியால் இணைத்து, அதே மென்பொருளின் சீரியல் மானிட்டர் சாளரத்தில் தட்டச்சு செய்யும் எழுத்துகள் திரும்பி வருகின்றனவா எனக் காண வேண்டும். வந்தால் கேபிள், யூஎஸ்பிச் சில்லு, டிரைவர் மூன்றும் நலம், ஆகவே ஐயம் முக்கியமாக மையச் சில்லின்மீதும் பூட்லோடரின்மீதும் எஞ்சும்.

நம்பிக்கை: டிரைவரைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகும்.

டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையே பேசும் மென்பொருள். அதைப் புதுப்பிப்பதே சில வேளைகளில் நோயாகிறது. புரோலிஃபிக் நிறுவனம் தனது பிஎல்2303 எச்எக்ஸ்ஏ என்னும் யூஎஸ்பி மாற்றிச் சில்லை 2012இல் நிறுத்தியது. அந்நிறுவனத்தின் புதிய விண்டோஸ் டிரைவர்கள் அச்சில்லைக் கண்டதும் குறியீடு 10 என்ற பிழையைக் காட்டி இயங்க மறுக்கின்றன. விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் பழைய டிரைவரைக் கையால் தேர்ந்தாலோ, அச்சில்லை இன்றும் ஏற்கும் லினக்ஸில் செருகினாலோ அதே மாற்றி வேலை செய்யும். எஃப்டிடிஐ நிறுவனம் 2014இல் வெளியிட்ட டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போய், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே பூச்சியமாக்கிச் செயலிழக்கச் செய்தது. போலியை அறியாமல் வாங்கியவரைத் தண்டித்த அச்செயல் கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, அந்த டிரைவரும் மீளப் பெறப்பட்டது.

நம்பிக்கை: புதிய பதிப்பு பழையவை அனைத்தையும் தாங்கும்.

மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்பிலாப் எக்ஸ் மென்பொருளில் 6.20 பதிப்பே பிக்கிட் 3 என்னும் நிரலேற்றியை ஆதரித்த இறுதிப் பதிப்பாகும். ஆர்டுயினோ மென்பொருளின் 2ஆம் பதிப்பு 64 பிட் விண்டோஸ் 10ஐக் கோருவதால், விண்டோஸ் 7 கணினி வைத்திருப்போருக்கு 1.8.19 போன்ற முந்தைய பதிப்பே பொருந்தும். பழைய பதிப்புகளை இரு நிறுவனங்களும் தம் இணையக் களஞ்சியங்களில் வைத்திருக்கின்றன. எம்பிலாப் எக்ஸின் பல பதிப்புகளை ஒரே கணினியில் நிறுவவும் தடையில்லை.

ஆகவே இணைய இணைப்பு மெதுவாகவோ செலவு கூடியதாகவோ உள்ள தோட்டப் பகுதிப் பாடசாலைகளும் பயிற்சி நிலையங்களும், இப்போது வேலை செய்யும் மென்பொருளின் நிறுவற்கோப்பையும் டிரைவரையும் ஒரு பென் டிரைவில் சேமித்து, பதிப்பு எண்ணை அந்தந்தப் பலகையின் பெட்டிமீதே எழுதி வைக்க வேண்டும்.