மரணச் சான்றிதழில் எழுதப்படாத புகை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், விடியுமுன் எழும்பிப் பெரட்டுக்கு முன்னதாக ரொட்டி சுடும் ஒரு தாயை நினைத்துக்கொள். லயத்துக் காம்பிராவின் ஒடுங்கிய குசினி. கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு விறகு இன்னும் காயவில்லை. ஊதுகுழலால் ஊத ஊதப் புகைதான் வருகிறது. கூரைத் தகரத்தின் உட்பக்கம் கரி படிந்து மினுங்குகிறது. இடுப்பில் கைக்குழந்தை.

இந்தப் புகையால் எத்தனை பேர் சாகிறார்கள்? மரணச் சான்றிதழைப் புரட்டினால் மாரடைப்பு, பக்கவாதம், நியூமோனியா என்றுதான் இருக்கும். அடுப்புப் புகை என்று எழுதுவது வழக்கமில்லை.

அதனால் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் புகைமூட்டம் மூடியது. அதையொட்டிய வாரங்களில் வழக்கமாக இறப்பவர்களைவிட ஏறத்தாழ 4,000 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அடுத்து வந்த மாதங்களையும் சேர்த்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் 12,000 வரை சொன்னார்கள்.

1993இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு இன்னும் நுட்பமானது. ஆறு அமெரிக்க நகரங்களில் 8,000க்கும் மேற்பட்டவர்களை 14 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். வயது, சிகரெட் பழக்கம் முதலியவற்றின் பாதிப்பைக் கழித்த பிறகும், காற்று மிக மோசமான நகரில் இறப்பு வீதம் 26 சதவீதம் அதிகமாக இருந்தது. சுத்தமான ஊரில் 100 பேர் இறக்கும் காலத்தில், அங்கே அதே அளவு மக்களில் 126 பேர். அந்த 26 பேர் யார் யார்? பெயர் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனாலும் அந்த 26 பேர் இறந்தது மெய். குழம்பிவிடாதே, இப்படிக் கணக்கிடும் துறையின் உயிர்நாடியே இதுதான்.

இப்படிப்பட்ட கணக்கில்தான், வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000க்கும் மேல்.

அடுப்பை மாற்றினால் பலன் உண்டா என்று பார்க்க, தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் உட்பட நான்கு நாடுகளிலுள்ள இடங்களில் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடை குறிப்பிடும்படி கூடவில்லை. 2022இல் அந்த முடிவை அப்படியே வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் மற்றக் கணக்குகள்மீதும் நம்பிக்கை வருகிறது.

அதே 2022இல் இங்கே இலங்கையில் கேஸ் சிலிண்டருக்கு வரிசை நின்றதும், கிடைக்காதவர்கள் விறகுக்குத் திரும்பியதும் உனக்கு ஞாபகமிருக்கும்.

இந்த விடுமுறையில் உங்கள் லயத்தில் காம்பிரா காம்பிராவாகப் போ. எத்தனை வீட்டில் விறகடுப்பு, எத்தனை குசினிக்குப் புகைபோக்கி, எத்தனை பேருக்கு நாட்பட்ட இருமல்? பெயர் வேண்டாம், எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா