மோட்டாருக்கு முன் எட்டு வரிகள்

தானாக இயங்கும் தண்ணீர்த்தொட்டி மாதிரி செய்யச் சொன்னால் மாணவர்கள் முதலில் தேடுவது கம்பியும் உணரியும்தான். வாலாஜாபாத்தில் என் எட்டாம் வகுப்பில் நான் வேறு வரிசையைப் பின்பற்றுகிறேன். கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுத வைக்கிறேன். பொறியாளர்கள் இதைத் தேவைகளை வரையறுத்தல் என்பர்.

இதை விளக்க நம் ஊர்ப்பக்கத்து ஏரியே போதும். உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. அவ்வூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகிறது. ஏரிக்கு இரண்டு தேவைகள்: வயலுக்கு வேண்டும்போது நீர் தர வேண்டும், கரை எப்போதும் உடையக்கூடாது. முதலாவதற்கு மதகு, அதை ஆள் திறக்கிறார். இரண்டாவதற்குக் கலங்கல், நள்ளிரவு மழையிலும் ஆளில்லாமலே உபரி நீர் வழிந்துவிடும். பாதுகாப்புத் தேவை யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

படி 1: தேவைகளை எழுதுதல்

"தண்ணீர் தீரக்கூடாது" என்பதைச் சோதிக்க முடியாது. இப்படி எழுதினால் முடியும்:

1. மேல்தொட்டியில் நீர் கால் பங்குக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும்.
2. தொட்டி நிரம்பினால் நிற்க வேண்டும்.
3. சம்ப் வறண்டிருந்தால் ஓடக்கூடாது.

இடைப்பட்ட மட்டத்தில்? முன்பிருந்த நிலையே தொடர வேண்டும். ஒரே மட்டத்தை மட்டும் வைத்தால், நீர் சற்றே அசைந்தாலும் மோட்டார் ஓடி ஓடி நின்று சூடாகும்.

படி 2: அட்டவணை

நிரம்பும் மட்டம், கால் பங்கு மட்டம், சம்ப் ஆகிய மூன்று இடங்களில் உணரிகள். ஒவ்வொன்றும் ஈரம் அல்லது வறட்சி என்று காட்டும். எனவே 2×2×2 = 8 வரிகள். குழுவாக நிரப்பச் சொல்லுங்கள்.

ஒரு வரியில் விதி 1, விதி 3 இரண்டும் மோதும்: மேல்தொட்டியும் காலி, சம்பும் காலி. நீரின்றி ஓடினால் பம்பு பழுதாகும். ஆகவே விதி 3 வெல்ல வேண்டும் என்று மாணவர்களே எழுதுவார்கள். இரண்டு வரிகளில் நிரம்பும் மட்டம் ஈரம், கால் பங்கு மட்டம் வறட்சி என வரும். அப்படி நீர் நிற்க முடியாது, உணரிதான் பழுது. மோட்டாரை நிறுத்தி மணி ஒலிக்கச் செய்யலாம்.

படி 3: சரிபார்த்தல்

குழுக்கள் அட்டவணையை மாற்றிக்கொண்டு பிழை தேடட்டும். காகிதத்தில் திருத்த அழிப்பான் போதும். எரிந்த மோட்டாரைத் திருத்தும்வரை கழிப்பறைக்குத் தண்ணீர் இருக்காது.

மதிப்பீட்டு வினா

தொட்டி பாதி நிரம்பியபோது மின்சாரம் நின்று மீண்டும் வருகிறது. முன்பிருந்த நிலை கருவிக்கு நினைவில்லை. மோட்டார் என்ன செய்ய வேண்டும்? காரணத்துடன் ஒரு விதி எழுதுக.